சீதமும் கடுப்பும்: குடலில் பாக்டீரியா தொற்று என்று கண்டுகொள்வது எப்படி?

எத்தனை தடவை போனது என்று டாக்டர் கேட்பார் என நினைத்து, ஏழு என்று எண்ணி வைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்டது வேறு. "தண்ணியா போகுதா, சளி மாதிரியா? ரத்தம் இருந்துச்சா?" பார்க்கவில்லை என்றேன். "ஏழு தடவை போயிருக்கீங்க, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலையா?" என்று சிரித்துவிட்டு, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்துக் கழிப்பறைப் பக்கம் கை காட்டினார்.

அதுவரை "உடம்பு சூடு" என்று சொல்லிக்கொண்டு வெந்தயத்தை மோரில் போட்டு விழுங்கிக்கொண்டிருந்தேன். டப்பாவில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மலம் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. மூக்குச்சளி போல வழவழவென்று ஒரு கரண்டி, அதற்குள் நூல் நூலாக ரத்தம். "இது சூடு இல்ல சார், சீதபேதி" என்றார் டாக்டர். நான்கு நாள் கழித்து வந்த கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் சிகெல்லா என்ற பாக்டீரியாவின் பெயர் இருந்தது.

நம் பாட்டிமார் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். தண்ணீராகப் போனால் கழிச்சல். வாந்தியும் சேர்ந்து ஆளையே உருக்கிப் போட்டால் வாந்திபேதி. சளி கலந்து வந்தால் சீதபேதி. சீதம் என்றாலே சளிதான். வயிற்றை முறுக்கி, முக்கி முக்கியும் ஒன்றும் வராமல் போனால் வயிற்றுக் கடுப்பு. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் பாதி நோய்க்கணிப்பு இருக்கிறது. இன்று எல்லாவற்றையும் 'லூஸ் மோஷன்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். சொல்லக் கூச்சமில்லாத சொல்தான், ஆனால் டாக்டருக்கு வேண்டிய எதுவும் அதில் இல்லை.

குடலுக்குள் ஓடும் நீர்க்கணக்கு

ஒரு நாளில் நம் சிறுகுடலுக்குள் 8 முதல் 9 லிட்டர் நீர் வந்து சேர்கிறது. நாம் குடிப்பதும் சாப்பிடுவதும் அதில் 2 லிட்டர் அளவுதான். மீதியெல்லாம் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் என்று உடம்பே சுரந்து ஊற்றுவது. இதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்; மிச்சத்தைப் பெருங்குடல் பார்த்துக்கொள்ளும். கடைசியில் மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிதான். இவ்வளவு பெரிய வரவுசெலவில் எங்கேயாவது கொஞ்சம் பிசகினாலும் போதும், வயிற்றால் ஊற்ற ஆரம்பித்துவிடும்.

பாக்டீரியா இந்தக் கணக்கைக் கெடுக்கப் பெரும்பாலும் இரண்டு வழி. சிறுகுடலின் மேல் உட்கார்ந்துகொண்டு நஞ்சைக் கக்கி, நீரை உள்ளே இறைப்பது ஒன்று. குடல் சுவருக்குள்ளேயே புகுந்து, குறிப்பாகப் பெருங்குடலைப் புண்ணாக்குவது இன்னொன்று. முதல் வகையில் நிறைய நிறையத் தண்ணீராகப் போகும். இரண்டாவதில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, வலியோடு, சீதமும் ரத்தமுமாகப் போகும். கூடவே காய்ச்சல் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கழுநீர் போலப் போனால்

முதல் வகையின் உச்சம் காலரா. அந்தக் கிருமி குடலைக் கிழிப்பதில்லை, உள்ளே நுழைவதும் இல்லை. அது விடும் நஞ்சு, குடல் செல்லில் உப்பு வெளியேறும் வழியைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. உப்பு போகும் இடத்துக்கு நீரும் பின்னாலேயே போகும். அதனால்தான் காலராவில் மலத்தின் நிறமும் நாற்றமும் போய், அரிசி களைந்த கழுநீர் போல வெளிறி, ஊடே சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகளோடு வரும். முற்றிய நிலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர்கூடப் போகலாம். ஆனால் ரத்தம் இராது, காய்ச்சல் பெரும்பாலும் இராது, வயிற்று வலியும் சொல்லிக்கொள்ளும்படி இராது. காய்ச்சல் இல்லையே என்று அசட்டையாக இருந்தவர்களை அரை நாளில் சாய்த்துவிடும் நோய் இது.

இப்படி ஒரு நஞ்சு இருக்கிறது என்று நிரூபித்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே. முயலின் குடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் கட்டி, அதற்குள் கிருமி வளர்ந்த நீரை வடிகட்டிச் செலுத்திப் பார்த்தார். கிருமியே இல்லாத அந்த வடிநீரே குடலில் நீரைத் தேக்கியது. அவர் அதை எழுதி வெளியிட்ட ஆண்டு 1959. நம் ஊருக்கும் இதில் ஓர் இடம் உண்டு. அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய காலரா எல்லாம் ஓ1 என்ற வகை. 1992இல் சென்னையில் ஓ139 என்று புதிதாக ஒரு வகை தலைகாட்டி, பிறகு வங்கம் வரை பரவியது.

தண்ணீராகப் போவதெல்லாம் காலராவா என்றால் இல்லை. வெளியூர் போய்ச் சாப்பிட்டு வந்து இரண்டு நாள் படுப்பவர்களில் பலருக்குக் காரணம் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ஒரு வகை. அதுவும் கிட்டத்தட்ட இதே வித்தையைச் சற்று மென்மையாகச் செய்கிறது. குழந்தைகளுக்கு வரும் தண்ணீர்ப் பேதிக்கு ரோட்டா போன்ற வைரஸ்கள் பெரிய காரணம். ரோட்டா தடுப்புச் சொட்டு மருந்து 2016இல் இந்தியாவின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. வெறும் தண்ணீராகப் போகிறது, ரத்தமில்லை, காய்ச்சல் லேசாக இருக்கிறது என்றால், வைரஸா பாக்டீரியாவா என்று வீட்டிலிருந்தபடி சொல்ல முடியாது. பெரும்பாலும் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. போகிற நீரை ஈடுகட்டுவதுதான் அங்கே வைத்தியம்.

கடுப்பெடுத்தால்

இரண்டாவது வகைக்கு நானே சாட்சி. செவ்வாய்க்கிழமை விடிகாலையில் குளிர்காய்ச்சலோடு ஆரம்பித்தது. முதல் இரண்டு தடவை தண்ணீராகத்தான் போனது. அதன்பிறகு அளவு குறைந்துகொண்டே வந்தது, அவசரம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. குறைகிறதே, நல்லதுதானே என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு. போய் உட்கார்ந்தால் அடிவயிறு முறுக்கும், முக்குவேன், ஒரு கரண்டி வரும். எழுந்து லுங்கியைக் கட்டுவதற்குள் மறுபடி வருவது போலிருக்கும். மலக்குடலின் சுவர் வீங்கிப் புண்ணாகிவிடுவதால், உள்ளே மலம் இல்லாவிட்டாலும் இருப்பதாகவே அது மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கும். கடுப்பு என்பது இந்தப் பொய்ச் சேதிதான்.

1897இல் ஜப்பானில் ஒரு கொள்ளைநோய்க் காலத்தில் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தவர் கியோஷி ஷிகா. சிகெல்லா என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. அங்கே மக்கள் அந்த நோயைச் 'செகிரி' என்றார்கள். சிவப்புக் கழிச்சல் என்று பொருள். எந்த ஊராக இருந்தாலும் சனங்கள் மலத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சிகெல்லாவுக்கு ஆள்பலம் தேவையில்லை. வயிற்று அமிலம் நன்றாகச் சுரக்கும் ஒருவருக்குக் காலரா வரக் கோடிக்கணக்கில் கிருமி உள்ளே போக வேண்டும். சிகெல்லாவுக்குப் பத்திலிருந்து நூறு கிருமி போதும். கழிப்பறைக் கதவின் கைப்பிடி, சரியாகக் கழுவாத கை, ஒரே டம்ளர் என்று வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கும் தொற்றுவது இதனால்தான். (நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் போடுகிறவர்களுக்கு குடல் தொற்று எளிதில் வரும். அந்த அமிலம் உடம்பின் முதல் காவல்காரன்.)

சாதாரணமாக ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும் நோய்தான். ஆனால் எப்போதும் அப்படியே முடிவதில்லை. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பலர் நோயுற்று, பள்ளி மாணவி ஒருத்தி இறந்தாள். நோயாளிகளின் மாதிரிகளில் கண்டது சிகெல்லா. சின்னக் குழந்தைகளுக்குச் சிகெல்லாவோடு வலிப்பு வருவதும் உண்டு. பேதியும் வலிப்பும் சேர்ந்து பார்த்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் இரண்டும் கோழி, முட்டை, காய்ச்சாத பால் வழியாக அடிக்கடி வருபவை. இவற்றிலும் காய்ச்சல், வயிற்று வலி, சில நேரம் ரத்தம் உண்டு. கேம்பைலோபாக்டரில் வலி வலதுபக்க அடிவயிற்றில் அழுத்தமாகப் பிடித்து, அப்பெண்டிசைட்டிஸ் என்று டாக்டரையே யோசிக்க வைக்கும்.

கடைசியாகச் சாப்பிட்டதா குற்றவாளி?

நான் திங்கள் ராத்திரி தின்ற தெருக்கடை பஜ்ஜியைத் திட்டிக்கொண்டிருந்தேன். டாக்டரோ ஞாயிற்றுக்கிழமை எங்கே சாப்பிட்டேன் என்று கேட்டார். உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். சிகெல்லா உள்ளே போய் வேலையைக் காட்ட ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். பஜ்ஜிக்காரர் நிரபராதியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், பாவம்.

நேரக்கணக்கு நிறையச் சொல்லும். மதியம் ஒரு மணிக்குப் பந்தியில் சாப்பிட்டு, நான்கு மணிக்குத் திரும்பும் வேனிலேயே ஐந்தாறு பேர் வரிசையாக வாந்தி எடுத்தால், அது குடலுக்குள் வளர்ந்த கிருமியாக இருக்க நேரமே இல்லை. ஸ்டெபிலோகாக்கஸ் போன்ற கிருமி உணவிலேயே வளர்ந்து, நஞ்சைத் தயாராக விட்டு வைத்திருந்தது என்று அர்த்தம். சாப்பிட்டு ஒரு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பொங்கும், வாந்திதான் பிரதானம், பெரும்பாலும் ஒரு நாளில் தானே அடங்கும். மீந்த சோற்றை வெளியிலேயே வைத்திருந்து ஃபிரைடு ரைஸ் போட்டால் வரும் பேசில்லஸ் செரியஸும் இதே சாதி. இவற்றின் வாந்தி நஞ்சு சூட்டுக்கு அசையாது. "நல்லா சுட வச்சுட்டேன், ஒண்ணும் ஆகாது" என்பது இங்கே எடுபடாது.

சால்மொனெல்லாவுக்குப் பெரும்பாலும் அரை நாளிலிருந்து ஒன்றரை நாள். கேம்பைலோபாக்டருக்கு இரண்டிலிருந்து ஐந்து நாள். டைபாய்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம்.

டைபாய்டு ஒரு தனிக் கதை. குடல் வழியாக நுழைந்தாலும் ரத்தத்தில் ஏறிவிடுவதால், பேதியே இல்லாமல் வரலாம். பெரியவர்கள் பலருக்கு மலச்சிக்கல்கூட இருக்கும். நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும் காய்ச்சல், தலைவலி, சோர்வு, பசியின்மை, வெள்ளை படிந்த நாக்கு இவைதான் அடையாளம். மூன்று நான்கு நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் 'வயிறு நல்லாத்தானே இருக்கு' என்று ஒதுக்கக் கூடாது. விடால் என்ற பழைய ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி முடிவெடுப்பது சரியில்லை. பழைய தொற்றோ தடுப்பூசியோகூட அதில் பாசிட்டிவ் காட்டும். மாத்திரை ஆரம்பிக்கும் முன் எடுக்கும் பிளட் கல்ச்சர்தான் நம்பகமானது.

ஏமாற்றும் சில

சிவப்பாகப் போனதெல்லாம் ரத்தம் இல்லை. முந்தின நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டது நினைவிருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள். மலம் சாதாரணமாக இருந்து, கடைசியில் சொட்டுச் சொட்டாகச் செக்கச்செவேலென்று ரத்தம் விழுந்தால் மூலநோயாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோ இருக்கலாம். டாக்டர் பார்க்க வேண்டும், ஆனால் குடல் தொற்றின் முகம் அதுவல்ல. தொற்றில் ரத்தம் சீதத்தோடு கலந்து வரும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கறுப்பாகும். மாத்திரை இல்லாமல் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, நாறினால் இரைப்பையில் ரத்தக் கசிவு இருக்கலாம். அதற்கு ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

அமீபாவும் சீதபேதி தரும். அது பாக்டீரியா இல்லை. பெரும்பாலும் காய்ச்சல் அதிகமின்றி, மெல்ல மெல்ல, நாள் கணக்கில் இழுக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டவுடன் ஓட வேண்டியிருக்கிறது, ராத்திரி தூங்கினால் தொந்தரவில்லை, எடை குறையவில்லை, ரத்தமில்லை என்றால் ஐ.பி.எஸ் (தொற்றில்லாமல் குடல் எரிச்சலடையும் கோளாறு) போன்ற வேறு கணக்கு. தொற்று தூக்கத்திலும் எழுப்பும்.

ஆன்டிபயாடிக் சாப்பிட்ட நாட்களிலோ, முடித்த சில வாரங்களிலோ தொடங்கும் பேதி இன்னொரு வகை. நல்ல கிருமிகளும் செத்துப்போன குடலில் க்ளோஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா தழைத்துவிடும். என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

குழந்தைக்குப் போனால்

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை மஞ்சளாக இளகிப் போனாலும், நன்றாகக் குடித்து, எடை ஏறினால் அது நோயே இல்லை. வழக்கத்தைவிட நீர்த்து, வழக்கத்தைவிட அதிகமாகப் போனால்தான் பேதி. 'பல்லு முளைக்குது, அதான்' என்ற பேச்சு எத்தனையோ குழந்தைகளைத் தாமதமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறது. பல் முளைக்கும் வயதில் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பார்கள். கிருமி போகிற வழி அது. தொக்கம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போவது பற்றி என் கருத்தைக் கேட்டால், போகிற ஆட்டோவை அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்கள் என்பேன்.

குழந்தையிடம் முதலில் பார்க்க வேண்டியது நீர் வற்றல். கண் குழிந்திருக்கிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா, நாக்கு உலர்ந்திருக்கிறதா, உச்சிக்குழி பள்ளமாகியிருக்கிறதா, கடைசியாக எப்போது மூத்திரம் போனது. வயிற்றுத் தோலைத் தொப்புளுக்குப் பக்கத்தில் இரு விரலால் மெதுவாகக் கிள்ளித் தூக்கி விடுங்கள். சட்டென்று சமமானால் நல்லது. சுருக்கம் மெதுவாக, இரண்டு நொடிக்கும் மேலாக நின்று இறங்கினால் நீர் மோசமாக வற்றியிருக்கிறது. தண்ணீரைப் பிடுங்கிக் குடிக்கும் குழந்தையைவிட, குடிக்கவே தெம்பில்லாமல் துவண்டு கிடக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம்.

காலரா நஞ்சு எவ்வளவு ஆட்டம் போட்டாலும், குளுக்கோஸும் உப்பும் கைகோத்து உள்ளே வரும் இன்னொரு கதவைக் குடலில் அது மூடுவதில்லை. ஓ.ஆர்.எஸ் நுழைவது அந்தக் கதவு வழியாக. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் ரத்தக்குழாயில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்மில் வைத்துக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அளவுதான் இதில் உயிர். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் நன்மைக்குப் பதில் கெடுதல். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை 10 முதல் 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10.

மருந்துக்கடையில் நிற்கும்போது

"வயித்தால போகுது, ரெண்டு மாத்திர குடுங்க" என்றால் பல கடைகளில் உடனே இரண்டு மாத்திரை வரும். ஒன்று ஆன்டிபயாடிக், இன்னொன்று போவதை நிறுத்தும் லோபிரமைடு. தண்ணீர்ப் பேதிக்குப் பெரும்பாலும் முதல் மாத்திரை தேவையில்லை. ரத்தமும் காய்ச்சலும் உள்ளபோது இரண்டாவது மாத்திரை தப்பு; வெளியே தள்ள வேண்டியதை உள்ளேயே பூட்டி வைப்பது போல. ஷிகா நஞ்சை விடும் ஒரு வகை ஈ.கோலை இருக்கிறது: ரத்தம் நிறையப் போகும், காய்ச்சல் அவ்வளவாக இராது. அதற்குச் சில ஆன்டிபயாடிக்குகள் நிலைமையைச் சிக்கலாக்கலாம் என்பதால் டாக்டர்களே தயங்குவார்கள். இந்த வகையில், பேதி நிற்கும் நேரத்தில் குழந்தை வெளிறி, மூத்திரம் குறைந்தால் சிறுநீரகம் அடிபடுகிறது என்று பொருள்.

ஆக, ரத்தமோ சீதமோ கண்டால், காய்ச்சல் 102 டிகிரியைத் தொட்டால், ஆறு மணி நேரமாக மூத்திரமே போகவில்லை என்றால், குடித்த ஓ.ஆர்.எஸ் தங்காமல் வாந்தியாக வந்தால், பேச்சு குழறினால் காத்திருக்க வேண்டாம். கர்ப்பிணிகள், வயதானவர்கள், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் என்றால் இவ்வளவு தூரம் வரும்வரைகூட இருக்கக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது இப்படிச் சொன்னால் போதும்: "செவ்வாய் விடிகாலையிலிருந்து. முதல்ல தண்ணியா, இப்ப சீதம், கொஞ்சம் ரத்தம். கடுப்பு இருக்கு. காய்ச்சல் 101. கடைசியா மூத்திரம் போனது காலையில. ஞாயித்துக்கிழமை விசேஷத்துல சாப்பிட்டேன். மாத்திர எதுவும் போடல." அரை நிமிடப் பேச்சு, ஆனால் பாதிப் பரிசோதனைகளை மிச்சப்படுத்தும்.

டப்பா கொடுத்தால் வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். மூத்திரமோ தண்ணீரோ கலக்காமல், சீதமும் ரத்தமும் உள்ள பகுதியாகப் பார்த்து எடுக்க வேண்டும். முதல் மாத்திரை விழுங்கும் முன் எடுக்க வேண்டும். எடுத்தவுடன் லேபில் சேர்க்க வேண்டும். சிகெல்லா நோஞ்சான் கிருமி, டப்பாவில் அரை நாள் கிடந்தால் செத்துவிடும். அப்புறம் கல்ச்சரில் ஒன்றும் வராது.